ஒத்திகைக்கு எடை குறைந்த பேஸ் ஆம்ப்: எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது

பேஸ் கிட்டாருக்கு ஆம்ப் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது "எத்தனை வாட்?", அடுத்துக் கேட்பது "எத்தனை கிலோ?". இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து முடிவெடுத்தால், வீட்டில் தனியாக வாசிக்கும்போது அருமையாக ஒலித்த ஆம்ப், ஒத்திகையில் டிரம்ஸ் ஆரம்பித்ததும் காணாமல் போய்விடும். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு பேஸ் ஆம்பின் எடை மூன்று இடங்களில் இருக்கிறது: பவர் சப்ளை, சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட், காற்றை அசைக்கும் ஸ்பீக்கரும் அதன் பெட்டியும். முதல் இரண்டில் குறைந்த எடை நமக்குச் சும்மா கிடைத்த லாபம். அதற்காக ஒலியில் எதையும் இழக்கவில்லை. மூன்றாவதில் ஓரளவுக்கு மேல் எடையைக் குறைத்தால், குறைத்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒலியில் விலை கொடுக்கிறோம். ஆகவே ஒத்திகைக்கு ஆம்ப் தேடுபவர் அந்த முதல் லாபத்தை முழுசாக வாங்கிக்கொள்ளலாம். ஸ்பீக்கரில் மட்டும் கை வைக்கக் கூடாது.

பேஸ் ஆம்ப் கனமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை 1951இல் கொண்டுவந்தார். அதற்கென்றே செய்த பேஸ்மேன் ஆம்ப், ஒற்றை 15 அங்குல ஸ்பீக்கருடன், 1952இல் வந்தது. 1960இல் ஆம்பெக் நிறுவனம் பி-15 போர்ட்டாஃப்ளெக்ஸை வெளியிட்டது. ஜெஸ் ஆலிவரின் வடிவமைப்பு அது: வாசித்து முடித்ததும் சர்க்யூட் பகுதியைத் தலைகீழாகத் திருப்பிப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடலாம். மோட்டவுன் பாடல்களால் பேஸ் வாசிப்பையே மாற்றிய ஜேம்ஸ் ஜேமர்சன் சிறிய கிளப்களில் வாசித்தது இந்த ஆம்பில்தான். ஆரம்பகால பி-15இன் சக்தி 25 வாட். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அடுத்து 1969இல் அதே ஆம்பெக்கின் எஸ்விடி வந்தது: 300 வாட், 14 வால்வுகள், ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பகுதி) மட்டுமே 35 கிலோவுக்கு மேல், அதற்குத் துணையாக எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட நெஞ்சளவு உயரப் பெட்டி. பெரிய அரங்கங்களுக்காகச் செய்யப்பட்டது அது. நாலு பேர் நிற்கும் ஒத்திகை அறைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் பேஸ் ஒலிக்க வேண்டுமானால் முதுகு ஒடிய வேண்டும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்திலிருந்தே நிலைத்துவிட்டது.

அந்தக் கனத்தில் பெரும்பகுதி இரும்பு. வீட்டுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சிகளாகத் திசை மாறி மாறி வருகிறது. இவ்வளவு மெதுவாக மாறும் மின்சாரத்தை ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக நூற்றுக்கணக்கான வாட் அளவுக்குக் கடத்த வேண்டுமானால் நிறைய இரும்பும் செம்பும் வேண்டும். இன்றைய ஆம்புகளில் இருக்கும் ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை, வரும் மின்சாரத்தை முதலில் நேர்மின்னோட்டமாக்கி, பிறகு விநாடிக்குப் பல பத்தாயிரம் முறை அணைத்து ஏற்றி, அதன்பிறகே டிரான்ஸ்ஃபார்மருக்குள் அனுப்புகிறது. வேகம் கூடியதும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. உங்கள் லேப்டாப் சார்ஜரில் நடப்பதும் இதேதான். சிக்னலைப் பெருக்கும் பகுதியிலும் இதற்கு இணையான மாற்றம் நடந்தது. பழைய ஏபி வகுப்பு ஆம்பில் டிரான்சிஸ்டர்கள் பாதி திறந்த நிலையிலேயே வேலை செய்வதால், எடுத்துக்கொண்ட மின்சாரத்தில் கணிசமான பங்கு வெப்பமாகப் போகும். அந்த வெப்பத்தை வெளியேற்ற அலுமினியத் தகடுகள் வேண்டும். டி வகுப்பு ஆம்பில் டிரான்சிஸ்டர் முழுசாகத் திறந்திருக்கும் அல்லது முழுசாக மூடியிருக்கும். இரண்டு நிலையிலும் வெப்பம் குறைவு, தகடும் சிறிது. டி வகுப்பு பரவலாவதற்கு வெகு முன்பே, 1970களில், வால்டர் வுட்ஸ் என்ற தனி மனிதர் கையடக்கமான இலகுவான ஆம்புகளைச் செய்து ஜாஸ் டபுள் பேஸ் கலைஞர்களுக்குக் கொடுத்து வந்தார். இன்று டிரேஸ் எலியட்டின் எல்ஃப் என்ற ஹெட் 200 வாட் தருகிறது. எடை முக்கால் கிலோகூட இல்லை. கிட்டார் பையின் ஜிப்புக்குள் போய்விடும். இந்த லாபத்துக்கு எதிராக யாராவது வாதாடினால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஸ்பீக்கர் கதை வேறு. நாலு கம்பி பேஸில் திறந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். ஐந்து கம்பி பேஸில் பி கம்பி 31 ஹெர்ட்ஸ். ஒலி ஒரு ஆக்டேவ் கீழே இறங்கும்போது, சத்தம் அதே அளவில் கேட்க வேண்டுமானால் ஸ்பீக்கர் கோன் நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். இதை எந்தப் புதிய சர்க்யூட்டாலும் மாற்ற முடியாது, காற்றை அசைப்பதற்கான கணக்கு அது. கோன் போய்வரும் தூரத்துக்கு வரம்பு இருக்கிறது. அதனால் மிச்சமிருக்கும் வழி பரப்பளவைக் கூட்டுவதுதான். 8 அங்குல ஸ்பீக்கரின் பயன்படும் பரப்பு சுமார் 210 சதுர சென்டிமீட்டர், 10 அங்குலத்துக்குச் சுமார் 350, 12 அங்குலத்துக்குச் சுமார் 530. கைவிசிறி சின்னதாக இருந்தால் அதே காற்றுக்குக் கையை அகலமாக வீச வேண்டியிருக்கும் அல்லவா, 8 அங்குல ஸ்பீக்கரின் நிலைமையும் அதுதான். 12 அங்குலம் 2 மில்லிமீட்டரில் செய்யும் வேலைக்கு அது 5 மில்லிமீட்டர் போய்வர வேண்டும். பல சிறிய காம்போக்கள் (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ளவை) இதைச் சமாளிக்க ஒரு ஏற்பாடு செய்திருக்கின்றன: சத்தத்தை ஏற்ற ஏற்ற, ஸ்பீக்கர் கிழிந்துவிடாமல் இருக்க, கீழ் அதிர்வெண்களைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். மெதுவாக வாசிக்கும்போது திடமாக இருந்த பேஸ், வால்யூமைத் திருகியதும் மெலிந்து போவதற்கு இதுவே காரணம். கடையில் மெதுவாக வாசித்துப் பார்த்து வாங்கியவருக்கு இது ஒத்திகையில்தான் தெரியவரும்.

இந்த விஷயத்தை ஒரே விதியாகச் சொன்னவர் ஆன்டன் ஹாஃப்மன். அமெரிக்காவில் 1957இல் தொடங்கிய கேஎல்ஹெச் ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரிலுள்ள 'ஹெச்' அவர்தான். புகழ்பெற்ற பியானோ கலைஞர் யோசஃப் ஹாஃப்மனின் மகன். ஆழமான கீழ்ஒலி, குறைந்த சக்தியில் அதிக சத்தம், சிறிய பெட்டி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும், மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்பது அவருடைய விதி. ஸ்பீக்கர் செய்பவர்கள் இதை இரும்பு விதி என்று அழைக்கிறார்கள். டி வகுப்பு வந்ததால் சிறிய பெட்டியையும் ஆழமான ஒலியையும் தேர்ந்தெடுத்துவிட்டு, குறையும் சத்தத்தை வாட்டால் ஈடுகட்டுவது எளிதாகிவிட்டது, அவ்வளவுதான். விதி அப்படியே இருக்கிறது. இந்தப் பகுதியில் நமக்கு உண்மையாகக் கிடைத்த எடைக் குறைப்பு ஒன்று உண்டென்றால் அது நியோடிமியம் காந்தம். 1984இல் ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானின் சுமிட்டோமோவும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தன. ஃபெரைட் காந்தம் தரும் விசையை இது மிகச் சிறிய கட்டியிலிருந்தே தந்துவிடுவதால், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றில் சில கிலோ மிச்சமாகிறது. கோன் அதே அளவு, அதனால் ஒலியில் இழப்பில்லை. விலை மட்டும் கூடும். ஆக, "எடை குறைவு" என்று விற்கப்படும் ஒரு ஆம்பைப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி இது: காந்தத்தையும் சர்க்யூட்டையும் இலகுவாக்கிக் குறைத்தார்களா, கோனையும் பெட்டியையும் சுருக்கிக் குறைத்தார்களா?

இப்போது வாட். தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டர்மேல் ஒட்டியிருந்த பிஎம்பிஓ ஸ்டிக்கர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வாட் எண்ணை அப்படியே நம்பக் கூடாது என்று தெரியும். பேஸ் ஆம்பில் அந்த அளவுக்குப் பொய் இல்லை. ஆனால் 'பீக்' என்று எழுதியிருந்தால் தொடர்ந்து தரக்கூடிய சக்தி அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். இன்னொரு பக்கம் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் தருகிறது என்ற எண். 97 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தால் காகிதக் கணக்கில் 117 டெசிபல். 91 டெசிபல் ஸ்பீக்கர் அதே இடத்துக்கு வர 400 வாட் வேண்டும். பி-15இன் 25 வாட் ஒரு கிளப்புக்குப் போதுமானதாக இருந்ததன் ரகசியம் இதுதான்: பெரிய ஸ்பீக்கர், பெரிய பெட்டி, கூட வாசித்தவர்களும் இன்றைய அளவு சத்தத்தில் வாசிக்கவில்லை. இதை வைத்து இன்று 25 வாட் போதும் என்று நான் சொல்லவில்லை. பேஸை விரலால் இழுக்கும் அந்தக் கணத்தின் உச்சம், சராசரி ஒலியைவிடப் பல மடங்கு சக்தி கேட்கும். அந்த உச்சம் வெட்டுப்படாமல் இருக்க வாட் கையிருப்பு வேண்டும். டி வகுப்பில் வாட் மலிவு, கனமும் இல்லை. ஆகவே 200, 300 வாட் வாங்குவதில் தயங்க வேண்டாம். வாட் கூடினால் சின்ன ஸ்பீக்கரும் பெரிய ஸ்பீக்கராகிவிடும் என்ற எண்ணத்தைத்தான் விட வேண்டும். ஆம்பின் பேஸ் திருகியை 12 டெசிபல் ஏற்றினால் அந்த அதிர்வெண்ணில் 16 மடங்கு சக்தி கேட்கிறோம். கேட்ட சக்தி கிடைத்தாலும் சின்ன கோனுக்கு அதைத் தாங்க இடம் கிடையாது.

பின்பக்கத் தகட்டையும் ஒரு நிமிடம் நின்று படியுங்கள். மார்க்பேஸின் மினி சிஎம்டி 121பி காம்போவை எடுத்துக்கொள்வோம். 12 அங்குல ஸ்பீக்கர், ஏறக்குறைய 13 கிலோ, 500 வாட் என்று சொல்வார்கள். அந்த 500, 4 ஓம் சுமைக்கான எண். உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் 8 ஓம். ஆகவே தனியாக வாசிக்கும்போது கிடைப்பது 300 வாட். இன்னொரு 8 ஓம் பெட்டியை வெளியிலிருந்து இணைத்தால் மொத்தச் சுமை 4 ஓம் ஆகிறது, 500 வாட்டும் வெளிவருகிறது, கூடவே கோன் பரப்பும் இரண்டு மடங்காகிறது. இந்த வெளி ஸ்பீக்கர் துளையை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ஒத்திகைக்கு ஒரு பெட்டி, சின்ன மேடைக்கு இரண்டாவது பெட்டி என்று பிரித்துச் சுமக்கலாம். ஒவ்வொரு தடவையும் தூக்குவது 13 கிலோதான்.

இத்தனை சொன்னதும், அப்படியென்றால் 41 ஹெர்ட்ஸ் வரை முழுசாகத் தரும் 15 அங்குலப் பெட்டியே வாங்கிவிடலாமே என்று தோன்றும். தேவையில்லை, அதற்கு நம் காதும் ஒத்திகை அறையும் இரண்டு காரணங்கள் தருகின்றன. பேஸ் கிட்டாரின் ஈ கம்பியில் 41 ஹெர்ட்ஸை விட அதன் இரட்டிப்பான 82 ஹெர்ட்ஸ்தான் பல நேரம் வலுவாக ஒலிக்கும். அதற்கு மேலுள்ள ஹார்மோனிக்குகள் ஒழுங்காகக் கேட்டால், அடிச்சுரம் மெலிந்திருந்தாலும் மூளை அதை நிரப்பிக்கொள்ளும். இந்தக் காரணத்தால்தான் சின்ன ரேடியோவிலும் பேஸ் என்ன வாசிக்கிறது என்று புரிகிறது. அடுத்து அறை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரக் கூரை என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர் வீடுகளில் ஒத்திகை நடக்கும் அறைகள் பெரும்பாலும் இப்படித்தான். பத்தடிச் சுவர்களுக்கிடையே ஒலி தங்கி முழங்கும் அதிர்வெண் ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸ், பன்னிரண்டு அடிக்கு ஏறக்குறைய 47. திறந்த ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ், ஈ கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டில் வரும் எஃப் ஷார்ப் 46. அறையின் ஒரு பக்கமும் கூரையும் ஒரே பத்தடி என்பதால் ஏ சுரம் இரண்டு திசையிலும் முழங்கும். ஆழமாக ஒலிக்கும் பெரிய ஆம்பை அங்கே மூலையில் வைத்தால் ஏ மட்டும் அறையை நிறைத்துவிடும், பக்கத்துச் சுரங்கள் அமுங்கிவிடும், பாட்டில் யார் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்றே தெரியாது. 55, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்ல இறங்கும் ஒரு நல்ல 12 அங்குல காம்போ அந்த அறையில் அதைவிடத் தெளிவாகக் கேட்கும். மெல்லிசைக் குழுவில் எண்பதுகளின் இளையராஜா பாடல்களை ஒத்திகை பார்க்கிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். அந்தப் பாடல்களில் பேஸ் தாளத்துக்குக் கீழே அடங்கி நிற்பதில்லை, தனி மெட்டாக மேலேறி ஓடுகிறது. ஒவ்வொரு சுரத்தின் தொடக்கமும் முடிவும் கேட்க வேண்டும். சர்ச் பாடகர் குழுவோடு வாசிப்பவர்களுக்கும் இதே தேவைதான்.

ஆக என் தேர்வு இந்த எல்லைக்குள் இருக்கிறது: டிரம்ஸ் செட் இருக்கும் ஒத்திகைக்குக் குறைந்தது ஒரு 12 அங்குலம் அல்லது இரண்டு 10 அங்குலம், 200 வாட்டுக்கு மேல், 10 முதல் 17 கிலோவுக்குள். ஃபெண்டர் ரம்பிள் 100, 12 அங்குலத்துடன் சுமார் 10 கிலோ. நான் சொன்ன வாட் எல்லைக்குக் கீழே என்றாலும், சத்தமாக அடிக்காத டிரம்மர் கிடைத்தவர்களுக்கு இது போதும். ரம்பிள் 500, இரண்டு 10 அங்குலத்துடன் 16, 17 கிலோ. இதைத் தூக்கி மாடிப்படி ஏற முடிகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம் என்பேன். 4 அங்குலம், 5 அங்குல ஸ்பீக்கர்களை அடுக்கிச் செய்யும் ஃபில் ஜோன்ஸின் சிறிய ஆம்புகளின் சுத்தமான ஒலி எனக்கு மிகவும் பிடிக்கும். கஹோன், அகௌஸ்டிக் கிட்டார், ஒரு பாடகர் என்ற அளவில் அவை உயர்ந்தவை. ஆனால் அவற்றில் மிகச் சிறியவற்றை டிரம்ஸ் செட்டோடு மோதவிடக் கூடாது. ஸ்கூட்டரில் போகிறவர்கள் முதுகில் பேஸும் கால் வைக்கும் இடத்தில் ஆம்புமாகப் போவதால் எடையைவிடப் பெட்டியின் அகலத்தை அளந்து பார்ப்பது நல்லது. ரயிலிலும் பஸ்ஸிலும் போகிறவர்களுக்குக் காம்போவைவிட, ஒரு கையில் 12 அங்குல நியோடிமியம் பெட்டி, பைக்குள் ஒரு கிலோ ஹெட் என்று பிரித்துக்கொள்வது சௌகரியம்.

மறுப்புகளுக்கு வருகிறேன். டி வகுப்பில் உயிர் இல்லை, பழைய வால்வு ஆம்பின் திண்மை அதில் வராது என்பது முதல் மறுப்பு. வால்வு ஆம்பை உச்சத்துக்குத் தள்ளும்போது அது மெல்ல அமுங்கி, ஹார்மோனிக்குகளைச் சேர்த்து ஒலிப்பது உண்மை. அது அழகான ஒலி. ஆனால் ஒலியின் குணத்தில் பெரும்பங்கு ப்ரீஆம்பிலும் ஸ்பீக்கரிலும் உருவாகிறது. எல்ஃப் அளவுள்ள ஹெட்டை 8 அங்குலப் பெட்டியில் கேட்டுவிட்டு டி வகுப்பைக் குறை சொல்பவர்கள் உண்மையில் அந்தப் பெட்டியைத்தான் குறை சொல்கிறார்கள். அதே ஹெட்டை எட்டு 10 அங்குலப் பெட்டியில் சொருகிப் பார்த்தால் திண்மை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். வால்வின் கரகரப்பு வேண்டுமென்றால் அதற்கு நல்ல பெடல்கள் இருக்கின்றன, அரைக் கிலோ கூட வராது.

வாடகை ஜாம் ரூமில் ஆம்ப் ஏற்கெனவே இருக்கிறதே, எதற்குச் சுமக்க வேண்டும் என்பது இரண்டாவது. இதை நான் முழுசாக ஒப்புக்கொள்கிறேன். சென்னையில் வாடகைக்கு விடும் அறைகளில் மட்டுமே ஒத்திகை பார்க்கிற குழுவாக இருந்து, அங்குள்ள பேஸ் ஆம்ப் நல்ல நிலையிலும் இருந்தால், வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு ப்ரீஆம்ப் பெடல் வாங்கினால் எந்த அறையிலும் உங்கள் ஒலி உங்களுடன் வரும். ஆம்ப் தேவைப்படுவது வீட்டு மாடி அறை, சர்ச் ஹால், சமூகக்கூடம், பள்ளிக்கூட வகுப்பறை என்று மாறி மாறி வாசிக்கிறவர்களுக்கு.

பேஸ் ஆம்பே எதற்கு, 12 அங்குல ஆக்டிவ் பிஏ ஸ்பீக்கர் ஒன்று வாங்கினால் கீபோர்டும் மைக்கும் சேர்த்து அதிலேயே போகுமே என்ற மூன்றாவது மறுப்பு இன்று மிகவும் வலுவானது. எடை ஏறக்குறைய அதே, உள்ளே இருப்பதும் டி வகுப்புதான். பல சர்ச்சுகளில் அப்படித்தான் வாசிக்கிறார்கள், நன்றாகவும் கேட்கிறது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. பாஸிவ் பிக்அப் உள்ள பேஸை நேராக அதன் லைன் இன்புட்டில் சொருகக் கூடாது. பேஸுக்கு ஒரு மெகா ஓம் அளவில் உயர்ந்த இன்புட் வேண்டும். லைன் இன்புட் பெரும்பாலும் பத்து, இருபது கிலோ ஓம்தான். நேராகச் சொருகினால் மேல்ஒலி செத்து, கம்பளி போர்த்தியது மாதிரி கேட்கும். நடுவில் ப்ரீஆம்ப் பெடலோ டிஐ பாக்ஸோ இருந்தால் பிரச்சினை இல்லை. இதுவும் என் வாதத்தோடு ஒத்துத்தான் போகிறது: 12 அங்குலத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

நான்காவதாக, எல்லோரும் சத்தத்தைக் குறைத்து வாசித்தால் 8 அங்குலமே போதாதா என்பார்கள். சத்தத்தைக் குறைக்கத்தான் வேண்டும். 100 டெசிபலில் 15 நிமிடம் என்பதே ஒரு நாளுக்குப் பாதுகாப்பான அளவு என்று அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியோஷ் கணக்கிடுகிறது. சின்ன அறையில் முழு வீச்சில் அடிக்கும் டிரம்ஸ் அதைச் சுலபமாகத் தாண்டும். ஆனால் சத்தம் குறையும்போது முதலில் மறைவது பேஸ்தான். 1933இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியது இது: மெல்லிய ஒலியில் நம் காது கீழ் அதிர்வெண்களுக்கு மந்தமாகிவிடுகிறது. மெதுவாக வாசிக்கும் குழுவுக்கும், மெதுவான அளவில் முழுமையாக ஒலிக்கும் ஸ்பீக்கர் வேண்டும். இன்னொரு சின்ன விஷயம்: ஆம்ப் தரையில் முழங்காலுக்கு அடிப்பது போல் இருந்தால் வாசிப்பவர் காதுக்குத் தெளிவு வராது, அவர் மேலும் மேலும் திருகிக்கொண்டே போவார். ஒரு கட்டையை முன்பக்கம் அடியில் செருகி ஆம்பைப் பின்னால் சாய்த்தால், அல்லது ஒரு நாற்காலிமேல் ஏற்றினால், பல அறைகளில் மொத்தச் சத்தமே குறைந்துவிடும்.

கடைசி மறுப்பு ரிப்பேர். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, இருப்பதைச் சொல்கிறேன். பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப் கெட்டுப்போனால் பெரிய டிரான்சிஸ்டர் ஒன்று, கப்பாசிட்டர் ஒன்று என்று கழற்றி மாட்டலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் கிடைக்கும், பார்த்துத் தருவதற்கும் ஆள் கிடைப்பார். இன்றைய ஆம்பில் பவர் சப்ளையும் டி வகுப்புப் பகுதியும் சேர்ந்த ஒரே போர்டு, அரிசி அளவுப் பாகங்கள். கெட்டால் பெரும்பாலும் போர்டையே மாற்றச் சொல்வார்கள், அது இறக்குமதியாகி வர வேண்டும். ஆகவே எடை குறைந்த ஆம்பில் பிராண்டை விட, அந்த பிராண்டின் சர்வீஸ் இந்தியாவில் யாரிடம் இருக்கிறது என்பதே எனக்கு முக்கியம். வாங்குமுன் அதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஹெட்டும் பெட்டியும் தனித்தனியாக வாங்குவதற்கு இது இன்னொரு காரணம்: ஹெட் செத்தாலும் பெட்டி இருபது வருடம் உழைக்கும், பணத்தில் பெரிய பங்கு ஸ்பீக்கரில் இருந்தால் இழப்பும் குறைவு.

கடையில் சோதிப்பதற்குப் போனில் ஒரு டிரம்ஸ் டிராக்கை எடுத்துக்கொண்டு போங்கள். அதைக் கடையின் பெரிய ஸ்பீக்கரில் ஒத்திகைச் சத்தத்துக்கு வைக்கச் சொல்லுங்கள். டோன் திருகிகளையெல்லாம் நடுவில் வைத்து, ஈ கம்பியின் முதல் ஐந்து ஃப்ரெட்டுகளை ஒரே பலத்தில் வாசித்தபடி வால்யூமை ஏற்றுங்கள். எந்த இடத்தில் சுரம் மெலிகிறது, எங்கே தடதடக்கிறது என்று கவனியுங்கள். உங்களுக்குத் தேவையான சத்தத்தில் வால்யூம் திருகி பாதியைத் தாண்டக் கூடாது என்ற ஆசைக்கு அர்த்தமில்லை, திருகியின் இடம் எதையும் நிரூபிக்காது. சுரம் மாறாமல் இருக்கிறதா என்பதே சோதனை. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவரும் ஆம்பாக இருந்தால் பின்னால் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 120 என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் சொருகிய அந்த நொடியே போய்விடும். சிலவற்றில் 115, 230 என்று மாற்றும் ஸ்விட்ச் இருக்கும், அதைச் சரிபார்க்காமல் பிளக்கைத் தொடாதீர்கள். ஒத்திகை இடத்தில் ஹம் சத்தம் வந்தால் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்லும் ஆலோசனையைக் கேட்கவே கேட்காதீர்கள். பேஸின் கம்பிகள் எர்த்தோடு இணைந்தவை, வாசிப்பவரின் விரல் அந்தக் கம்பிமேல் இருக்கிறது. ஹம்முக்கு டிஐ அவுட்புட்டில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச்சை முதலில் போட்டுப் பாருங்கள். அதிலும் நிற்கவில்லை என்றால் எல்லோருடைய கருவிகளையும் ஒரே பிளக் போர்டுக்கு மாற்றுங்கள்.